மழையில் எரிந்த பச்சை விளக்கு

வாயைத் திறக்காமலே சண்டை போடுவது எப்படி என்று யாராவது கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், அன்று காலை அந்தக் காரில் ஏறியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் சின்னவள். பக்கத்து சீட்டில் பெரியவள். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்கு இழுபறி நடத்தி வளர்ந்த அக்காளும் தங்கையும்தான். ஆனால் நாலு மாதமாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிப்பதில்லை. பின் சீட்டில் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு அப்பா. தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகாவது காதுக்கு நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தார், பாவம். பெற்ற மகள்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பழைய வேலையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

"அப்பா, ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்றாள் பெரியவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"சின்னவளே, ஏ.சி.யைக் குறைக்கணுமாம்."

"குளிருதுன்னா துப்பட்டாவைப் போத்திக்கச் சொல்லுங்கப்பா. வண்டி கம்பெனி எனக்குக் கொடுத்தது."

"பெரியவளே, துப்பட்டாவை..."

"கேட்டுச்சு."

கேட்காமல் என்ன? இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. ஆனாலும் அப்பா வழியாகத்தான் பேச்சு. முதலில் வாயைத் திறப்பவள் தோற்றவள் என்று இரண்டு பேரும் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார்கள்.

பகைக்குக் காரணம் இது. பெரியவள் வெளியூர் பஸ் ஓட்டுபவள். பதினேழு வருஷ சர்வீஸ். சின்னவளின் புருஷன் அதே டிப்போவில் மெக்கானிக். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பெரியவளின் பஸ் வழுக்கிக்கொண்டு போய்ச் சாலைத் தடுப்பில் மோதியது. இரண்டு பயணிகளுக்குக் கை முறிந்தது. வைப்பர் பிளேடு கிழிந்திருந்தது, இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் மெக்கானிக் மாற்றவில்லை, அதனால் ரோடு தெரியவில்லை என்று பெரியவள் விளக்கம் எழுதினாள். மாற்றியாயிற்று, பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது பாருங்கள் என்று மெக்கானிக் எழுதினார். மோதிய வேகத்தில் முன்கண்ணாடியும் வைப்பரும் தூள்தூளாகிவிட்டதால் யார் சொல்வது மெய் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, பெரியவளின் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்று பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் கடைசி விசாரணை. ஒருவர் தப்பினால் இன்னொருவர் மாட்டியாக வேண்டும்.

மெக்கானிக் முந்தின நாளே ரயிலில் போய்விட்டார். இன்று விடிவதற்குள் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் போக்குவரத்தே நின்றுவிட்டது. லைசென்ஸ் இல்லாத பெரியவள் தானாக எதையும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. சின்னவளுக்கோ மருந்துக் கம்பெனி கொடுத்த புத்தம் புதுக் கார் இருந்தது. புருஷனுக்காக அவளும் போய்த்தான் ஆக வேண்டும். "ரெண்டு பேரும் ஒரே வண்டியில போகலைன்னா நான் சோத்துல கை வைக்கமாட்டேன்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். இப்படித்தான் கீரியும் பாம்பும் ஒரே கூடையில் ஏறின.

பெரியவளுக்கு இன்று லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் கதை முடிந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஸ்டியரிங்கை விட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. நாலு மாதமாக வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட அவள் இடது கால் கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் சின்னவள் வைப்பரைத் தட்டிவிட்டாள். மழை இன்னும் வரவில்லை. கண்ணாடியில் வெறும் தூசியும், செத்து ஒட்டிய பூச்சிகளும்தான். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் 'கீச் கீச்' என்று அழுதது.

பெரியவளுக்குப் பல் கூசியது. "அப்பா, தண்ணி அடிக்காம வைப்பர் போட்டா பிளேடு கிழியும், கண்ணாடியிலயும் கோடு விழும்னு சொல்லுங்க."

"சின்னவளே, தண்ணி அடிச்சுட்டு..."

"பிளேடைப் பத்தி யார் பேசறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமாப்பா?" சின்னவளின் குரல் கத்தி மாதிரி வந்தது. "அந்த ஒரு பிளேடை வச்சுத்தானே கூடப் பிறந்தவ புருஷன் வயித்துல அடிச்சா? நாலு மாசமா அந்த மனுஷன் நிமிர்ந்து நடக்கல. இன்னைக்கு அங்க எல்லாம் வெளிய வரும்னு சொல்லுங்க."

அப்பா இதைச் சொல்லவில்லை. சில லைன்களை வேண்டுமென்றே கொடுக்காமல் விட அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண் சற்று நேரத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டது, குறட்டை வந்தது.

விரைவுச் சாலையில் ஏறியதும் சின்னவள் நூறைத் தொட்டாள். ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, பெடலிலிருந்து காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டாள். வேகம் குறையவில்லை. முகப்பில், வேகமுள் படத்தோடு, சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் பெரியவள் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைக்க இது ஒன்றும் துப்பறியும் கதை இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் அந்த பஸ்ஸின் ஸ்டியரிங்கிலும் இதே வரிசையில் பொத்தான்கள் இருந்தன; இதே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிளேடு கிழிந்திருந்தது சத்தியம். ஆனால் அது பாதிச் சத்தியம். மீதிப் பாதி, அடுத்தடுத்து இரண்டு டியூட்டி பார்த்து முட்டி விண்விண்ணென்று தெறித்ததால் அவள், காலை எடுத்தாலும் வேகத்தை அப்படியே பிடித்து வைக்கிற குரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். தூறல் விழுந்தபோது எடுத்திருக்க வேண்டும். மழையில் குரூஸ் போடக்கூடாது என்று டிப்போ சுவரில் கை அகல எழுத்தில் எழுதியிருக்கிறது. புது டிரைவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுபவளே அவள்தான். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று இருந்துவிட்டாள். முன் சீட்டுப் பயணி ஒருவர், டிரைவர் கால் பெடலில் இல்லை, நீட்டி வைத்திருந்தார் என்று எழுதிக்கொடுத்திருந்தார். அதற்கு அவள் என்ன பதில் எழுதினாள் தெரியுமா? 'அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை. அதை எப்படிப் போடுவது, எப்படி எடுப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.' கீழே கையெழுத்து.

புருஷனுக்கு வந்த நகலைப் படித்துப் படித்து அந்தக் காகிதம் சின்னவளுக்கு மனப்பாடம்.

காரின் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. சின்னவள் வைப்பரைப் போட்டாள். பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. கால் அப்படியே மடங்கியிருந்தது.

இப்போது பெரியவள் நிலைமை திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். 'குரூஸை எடுடி' என்று சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்பாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானே போய்ச் சொன்னதாக ஆகும். அதுவும் யாரிடம்? இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அதே விசாரணை அறையில் உட்காரப் போகிறவளிடம். சொல்லாவிட்டாலோ, ரோட்டில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள். குறட்டை. "அப்பா, மெதுவாப் போகச் சொல்லுங்க."

"அப்பா" என்றாள் சின்னவள், தூங்குகிற மனிதரையே கூப்பிட்டு. "பதினோரு மணிக்கு அங்க இருக்கணும். மெதுவாப் போனா யாருக்கு லாபம்னு கேளுங்க."

"வைப்பரை இன்னும் வேகமா வைக்கச் சொல்லுங்கப்பா."

"உச்சத்துலதான் ஓடுது, கண்ணு தெரியலையான்னு கேளுங்கப்பா."

தூங்குகிறவர் தலைக்கு மேலே இரண்டு பேரும் மாறி மாறிக் காறித் துப்புவதுபோல் பேசிக்கொண்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது! ஒரு வார்த்தை. நேராகத் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவள் சொல்லவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம், மழை விட்டாலும் விட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் நினைத்ததையே மறுபடியும் நினைத்தாள்.

வைப்பர்கள் பைத்தியம் பிடித்தவை போல் அடித்துக்கொண்டன. ஒரு வீச்சு துடைத்ததை அடுத்த வீச்சுக்குள் மழை மூடியது. ரோடு பள்ளமாக இறங்கும் இடத்தில் தண்ணீர் தகடு விரித்தாற்போல் நின்றது. கார் அதில் ஏறியது.

சத்தம் மாறியதைப் பெரியவள்தான் முதலில் கேட்டாள். டயர் ரோட்டை உரசுகிற ஓசை சட்டென்று நின்றுவிட்டது. தண்ணீர் பிடித்து இழுத்ததில் வேகம் குறைய, அந்த யந்திரத்துக்கு என்ன தெரியும், ஏதோ மேடு ஏறுகிறோம் என்று நினைத்து இன்னும் முடுக்கியது. எஞ்சின் கத்தியது. சக்கரம் தண்ணீர்மேல் சும்மா சுழன்றது. காரின் பின்பக்கம் மெல்ல ஒதுங்கத் தொடங்கியது.

"ஐயோ!" சின்னவள் மடக்கிய காலை நீட்டுவதற்குள் ஸ்டியரிங்கை ஒடிக்கப் போனாள்.

"திருப்பாதே! நேராப் பிடி! பிரேக்குல ஏறி மிதிச்சுடாதே!" பெரியவள் கத்தினாள். கத்திக்கொண்டே கையை நீட்டி, ஸ்டியரிங்கின் ஓரத்தில் வரிசையாக இருந்த நாலு பொத்தான்களில் மூன்றாவதை அழுத்தினாள். பார்க்கவில்லை, தேடவில்லை; விரல் நேராகப் போய் அங்கே நின்றது. பச்சை அணைந்தது. எஞ்சின் அடங்கியது. "சும்மா இரு. நேராப் பிடிச்சுட்டு சும்மா இருடி. அதுவா இறங்கும்."

கார் ஒரு மூச்சு நேரம் மிதந்தது. பிறகு டயர் ரோட்டைக் கண்டுபிடித்த ஓசை வந்தது. ஓரத்துக் கம்பித் தடுப்பு பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது, அதோடு விட்டது. வண்டி சாலை ஓரத்தில் ஏறி நின்றது.

அப்பா முன் சீட்டில் நெற்றி இடித்து விழித்திருந்தார். வைப்பர்கள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. சின்னவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு மெல்லத் திரும்பி அக்காளைப் பார்த்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

"அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"தொட்டதே இல்லைன்னு எழுதினியே. எப்படி எடுக்கறதுன்னே தெரியாதுன்னு எழுதினியே. அப்ப அன்னைக்கு பஸ்ஸுலயும் போட்டிருந்தே. அடிப்பாவி! போட்டுட்டுக் காலை நீட்டிட்டு உட்கார்ந்திருந்தே. பழியைத் தூக்கி என் வீட்டுக்காரர் தலையில போட்டே!"

"பிளேடு கிழிஞ்சிருந்துச்சு."

"பொய்!"

"அது பொய்யில்ல."

"இன்னைக்கு அங்க நீ சொல்லலைன்னா நான் சொல்வேன். எங்களைச் சாக விட்டாலும் விடுவே, உன் லைசென்ஸை விடமாட்டே. பட்டனை எடுன்னு சொல்ல உனக்கு வாய் வரல இல்ல? இவ்வளவு நேரம் பார்த்துட்டேதானே இருந்தே?"

"சொல்லு, போ. புருஷனுக்காகப் பேசறேன்னுதான் நினைப்பாங்க. உன்னை யார் நம்புவா?"

"அப்பாவும் வண்டியிலதானே இருந்தாரு. அப்பா, நீங்க சொல்லுங்க!"

"என்னை இழுக்காதீங்கடி" என்றார் அப்பா, நெற்றியைத் தடவிக்கொண்டு. "லைன் அறுந்துபோச்சு. இனிமே நேரா பேசித் தொலைங்க."

அதற்குப் பிறகு மழை விடும்வரை நாற்பத்தைந்துக்கு மேல் போகாமல் ஓட்டினாள் சின்னவள்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். நடுவில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். குடும்பத்தார் பின்பெஞ்சில் உட்காரலாம் என்றார்கள். சின்னவள் பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்து கத்தத் தயாராக உட்கார்ந்தாள்.

முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மனுஷர் நாலு மாதத்தில் பாதியாகிவிட்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிளேடு மாற்றியதாக உங்கள் கையெழுத்து இருக்கிறது. மாற்றினீர்களா?"

"மாத்தலைங்க."

"என்னங்க சொல்றீங்க?" என்று சின்னவள் எழுந்துவிட்டாள். உட்காரச் சொன்னார்கள்.

"ஸ்டாக் வரலைங்க. வந்ததும் போட்டுக்கலாம்னு கையெழுத்தை முன்னாடியே போட்டுட்டேன். டிரைவரம்மா ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தாங்க, அது நிஜம். வீட்டுலகூட நான் மாத்திட்டேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அந்த ரெண்டு பேர் கை முறிஞ்சதுல இருந்து சாப்பாடு இறங்கலைங்க. இதுக்கு மேல என்னால முடியாது."

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. நாலு மாதமாக ஊரைக் கூட்டி அடித்துப் பேசிய பேச்செல்லாம் அவள் மடியிலேயே வந்து விழுந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி அம்மாள் பெரியவளைப் பார்த்தார். "அப்படியானால் காரணம் பிளேடுதான் என்று ஆகிறது. நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. மேற்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டுமா? இல்லையென்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம்."

இல்லை. இந்த ஒரே வார்த்தை போதும். லைசென்ஸைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். கையை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இனி சின்னவள் எழுந்து கத்தினாலும் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அவள் கத்தவும் இல்லை. பெரியவள் பின்பெஞ்சைப் பார்த்தாள். குனிந்த தலையும், பக்கத்தில் அப்பாவின் நெற்றியில் புடைத்திருந்த வீக்கமும் தெரிந்தன. காலையில் நெல்லிக்காய் அளவு இருந்தது இப்போது எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது.

"இருக்குங்க" என்றாள்.

சொல்லும்போது அவளுக்கே குரல் அந்நியமாக இருந்தது. "வைப்பர் ஓடியும் ரோடு தெரியலைன்னா வேகத்தைக் குறைக்கணும். பிளேடு கிழிஞ்சிருக்குன்னா கிளப்பியே இருக்கக்கூடாது. இது எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் குரூஸ்ல போட்டுட்டுக் காலை நீட்டியிருந்தேன். மழை வந்தும் எடுக்கல. தொட்டதே இல்லைன்னு எழுதினது பொய். அந்தப் பயணி எழுதினது நிஜம்."

ஒருவர் தப்பினால் ஒருவர் மாட்டுவார் என்று யார் கணக்குப் போட்டார்களோ, அந்தக் கணக்கு பொய்த்தது. இரண்டு பேரும் மாட்டினார்கள். மத்தியானமே உத்தரவு கையில் வந்தது. மெக்கானிக்குக்கு வேலை போயிற்று. பெரியவளுக்கு வேலையும் போயிற்று, கனரக லைசென்ஸும் ஐந்து வருஷத்துக்குப் போயிற்று. ஐந்து வருஷம் கழித்து அவளுக்கு ஐம்பத்தாறு. யார் பஸ்ஸைக் கொடுக்கப் போகிறார்கள்? படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதாள். யாரும் வந்து தட்டிக்கொடுக்கவில்லை.

கார் வாசலுக்கு வந்தது. மெக்கானிக் முன் கதவைத் திறக்கப் போனார். உள்ளே பூட்டு விழுந்தது. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் போய் மாமனார் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பெரியவள் கிட்டே வந்ததும் முன் கதவின் பூட்டு திறந்தது. ஏறினாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சின்னவள் முதலில் தண்ணீர் அடித்தாள், பிறகு வைப்பரைப் போட்டாள். கண்ணாடி சுத்தமாகத் தெரிந்தது. வண்டியை எடுக்காமல் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

பெரியவள் திரும்பினாள்.

"பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஆளுகிட்ட சொல்லு, பெல்ட்டைப் போடச் சொல்லி."

அப்பா கண்ணைத் திறந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் இறுக்கமாக மூடிக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே" என்றாள் சின்னவள், குரலைத் தாழ்த்தாமலே. "சாகறவரைக்கும் மன்னிக்கமாட்டேன். அந்த மனுஷனோட பேச எனக்கு ஓர் ஆள் வேணும். அவ்வளவுதான்."

பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பிறகு பின்னால் திரும்பினாள்.

"மாப்பிள்ளை" என்றாள், "பெல்ட்டைப் போடணுமாம்."